ஏழு நாடுகள் ஒத்துக்கொண்ட ஆழம்

என் தங்கச்சி கலாராணி எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறாள் என்று முடிவு செய்ய ஏழு நாடுகள் கூடிப் பேசின. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிசமாகவே ஏழு நாடுகள். தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒருத்திக்காக ஏழு நாடுகள் கூடியது, இலங்கை மலைநாட்டில் இருக்கிற எங்கள் மயிலிமலைத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. உயிரோடு இருந்தபோது தோட்டத்து வரிசை வீடான லயத்துத் தண்ணீர்க் குழாயைத் திருத்தித் தரச் சொல்லி அவள் நடையாய் நடந்தாள். அதற்கு ஒரு ஆள் வரவில்லை.

கார்த்திகை மழையில் எங்கள் மலை இறங்கியது. விடியப் போகிற நேரம். கலாராணியின் புருசன், என் மச்சான் ஜெயகுமார், ஃபெக்டரியில் இரவு வேலையில் இருந்தான். லயத்தில் இருந்தவர்கள் மலை உறுமுகிற சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்துவிட்டார்கள். கலாராணியும் ஓடி வந்தவள்தான். கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி கத்துகிறதே என்று திரும்ப உள்ளே ஓடினாளாம். ஆட்டுக்குட்டி எப்படியோ அறுத்துக்கொண்டு தப்பித்துவிட்டது. இன்றைக்கும் லயத்துக்கு மேலே மேய்கிறது. அதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கல்லெடுத்து எறியத் தோன்றும். வாயில்லாத சீவன், அது என்ன செய்யும் பாவம்.

நாங்கள் மம்பட்டியும் கையுமாக இறங்கித் தோண்டினோம். மழை விடவில்லை. மேலே இன்னும் மண் தொங்குகிறது என்று ராணுவத்துப் பிள்ளைகள் வந்து எங்களைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். சரி, மழை நிற்கட்டும், திரும்ப இறங்கலாம் என்று இருந்தோம். மழையும் நின்றது. நாங்கள் இறங்குவதற்கு முன்னால் மன்றம் வந்து இறங்கிவிட்டது.

மன்றத்தின் முழுப்பெயர், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், ‘எழுச்சி பெறும் பொருளாதாரங்களின் ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான மன்றம்’. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இதே நாடுகளை வளர்முக நாடுகள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது எழும்புகிறார்களாம். எழும்பட்டும், எனக்கென்ன வயிற்றெரிச்சல்? ஆனால் ஏழு பேர் ஒரே நேரத்தில் எழும்பினால் வாசலில் யார் முதலில் வெளியே போவது என்றொரு பிரச்சினை வரும். அந்தப் பிரச்சினையைத் தீர்ப்பதற்காகத்தான் அவர்கள் மன்றமே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் விளங்கியது.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். பண்டாரவளையிலிருந்து ஜீப்பில் இடமில்லாமல் போகிற பெரிய மனுசர்களைத் தோட்டத்துக்கு ஏற்றி இறக்குவேன். அதனால் இந்தக் கதையில் பாதியைக் கண்ணால் கண்டேன், மீதியை முதுகுக்குப் பின்னால் கேட்டேன்.

மன்றத்தின் ஊவா மாகாண ஒருங்கிணைப்பாளர் பத்மநாதன் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுசர், கோபமே வராது. மலை சரிந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் நாடாவைக் கட்டிவிட்டு, ஜெயகுமாரின் தோளில் கை போட்டார்.

“தம்பி, இனி ஒருத்தரும் இதுக்குள்ள இறங்கக் கூடாது. ஏழு நாடும் சேர்ந்து உங்களுக்கு மண் கிண்டுற ஒரு பெக்கோ மெஷின் தருகினம். கடலால வந்துகொண்டிருக்கு.”

“ரொம்ப சந்தோசமுங்க. மெஷினு வர்ற வரைக்கும் நாங்க கையால தோண்டிக்கிட்டு இருக்கோமுங்க,” என்றான் ஜெயகுமார்.

“ஐயோ, அது பிழை. நீங்களே தோண்டி எடுத்துப்போட்டால் பிறகு ஒத்துழைப்புக்கு என்ன மிச்சம் இருக்கும்?”

ஜெயகுமார் யோசித்தான். படித்தவர்கள் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று நினைக்கிற சாதி அவன். “ஆமாங்க,” என்றான்.

“மெஷினு எப்பங்க வரும்?” என்று நான் கேட்டேன்.

“அவசரப்படக் கூடாது தம்பி. பழைய வல்லரசுகள் எண்டால் மூண்டு நாளில மெஷினைக் கொண்டுவந்து இறக்கி, கிண்டி எடுத்துக் குடுத்து, தங்கட கொடியையும் குத்திப்போட்டுப் போயிடுவினம். அதில கலந்துரையாடல் எங்க இருக்கு? சமத்துவம் எங்க இருக்கு? உலகம் மாறிப்போச்சு. இப்ப எல்லாம் எல்லாரும் சேர்ந்துதான்.”

உலகம் மாறிய சங்கதி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

மெஷின் வருவதற்கு முன்னால் நிபுணர்கள் வந்தார்கள். நாட்டுக்கு ஒருவராக ஏழு பேர். மேலே வானத்திலிருந்து எடுத்த படத்தை விரித்து வைத்துக்கொண்டு, கலாராணி எந்த ஆழத்தில் இருக்கலாம் என்று பார்த்தார்கள். ஒருவர் இருபதடி என்றார். ஒருவர் நாற்பது என்றார். இன்னொருவர் அறுபதுக்குக் குறையாது என்று அடித்துச் சொன்னார். ஒரே ஒருவர் மட்டும் சேற்றில் இறங்கி, கம்பியைக் குத்திப் பார்த்துவிட்டு ஐந்தடி என்றார். அவருடைய நாடு சின்ன நாடு. தீவிரமான நிலைப்பாடு எடுக்க வேண்டாம் என்று மற்றவர்கள் அவரைக் கேட்டுக்கொண்டார்கள்.

இனி எப்படி முடிவெடுப்பது? ஒருவர் சொன்ன ஆழத்தை ஏற்றால் மற்ற ஆறு நாட்டுக்கும் அவமரியாதை. மன்றத்தில் வாக்கெடுப்பும் கிடையாது, எல்லாமே ஒருமனதாகத்தான். ஃபெக்டரி கந்தோரில் ரெண்டு நாள் பேசினார்கள். கடைசியில் எல்லா ஆழத்தையும் கூட்டி ஏழால் பிரித்தார்கள். முப்பத்தொரு அடி வந்தது. ஏழு பேரும் எழும்பிக் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஐந்தடி சொன்னவரும் கைகுலுக்கினார், வேறென்ன செய்வார்.

“இனி ஆளாளுக்கு வேற ஆழம் சொல்லப்படாது. இது ஒருமித்த ஆழம். அவ இப்ப முப்பத்தொரு அடியிலதான் இருக்கிறா,” என்றார் பத்மநாதன் ஐயா.

முப்பத்தொரு அடியை மம்பட்டியால் தோண்டுகிறவன் யார்? அதோடு எங்கள் ஆட்களுக்கும் மனசு விட்டுப்போயிற்று. நாடாவைத் தாண்டலாமா என்று அதுவரை குசுகுசுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் ஜெயகுமார் என்னிடம் கேட்டான். “முப்பத்தொரு அடின்னா எம்புட்டு மச்சான்?”

நான் ஃபெக்டரியைக் காட்டினேன். “கொழுந்து வாட்டுற மேல் மாடி இருக்குல்ல, கிட்டத்தட்ட அந்த உசரம்.”

அவன் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். இருட்டி, மாடியில் விளக்குப் போட்ட பிறகும் பார்த்துக்கொண்டு நின்றான். “இம்புட்டுப் பாரத்தையும் அவ எப்புடி மச்சான் தாங்கிக்கிட்டுக் கெடக்குறா?” என்றான். ‘செத்தவங்களுக்குப் பாரம் தெரியாதுடா’ என்று சொல்ல வந்தவன், அவனைத் தோளில் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

தையில் தேவைகளைக் கண்டறியும் குழு வந்தது. அதோடு மொழிபெயர்க்க நிவேதிகா என்று ஒரு பிள்ளை வந்தாள். பதுளையில் வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சின்ன வயது. வீடிழந்த குடும்பங்கள் தங்கியிருந்த பிள்ளைக்காம்பராவில், கொழுந்துக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அந்தக் கட்டடத்தில், ஜெயகுமாரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குழந்தைகளின் நாற்காலி. முழங்கால் ரெண்டும் நாடியில் முட்ட உட்கார்ந்தான்.

முன்னுரிமைப்படி ஐந்து தேவை சொல்லச் சொன்னார்கள்.

“ஒண்ணே ஒண்ணுதாங்க. பொஞ்சாதிய எடுத்துக் குடுத்தாப் போதும்.”

அவர்களுக்குள் பேச்சு நடந்தது. ஒரே ஒரு தேவை உள்ளவன் அபிவிருத்திக்கு இன்னும் தயாராகவில்லை என்பது அவர்கள் கணக்கு. நிவேதிகா குனிந்து மெதுவாகச் சொன்னாள்: “அண்ணா, இன்னும் நாலு ஏதாவது சொல்லுங்கோ. இல்லாட்டி முதலாவதையும் எடுக்க மாட்டினம்.”

ஜெயகுமார் சுற்றிலும் பார்த்தான். “மழைக்கு மூடிக்க ஒரு படங்கு,” என்றான். “ஒரு வாளி.” அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மற்ற ரெண்டையும் அவர்களே போட்டுக்கொண்டார்கள். அதில் ஐந்தாவது, காளான் வளர்ப்புப் பயிற்சி. அதற்குத்தான் உடனடியாக ஆள் இருந்ததாம். வெலிமடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் காளான் விதைப் பையும் கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளைக்காம்பரா மூலையில் அவன் அதைத் தொங்கவிட்டான். நன்றாகவே முளைத்தது.

“பறிச்சுச் சமைக்கலையா?” என்று கேட்டேன்.

“கலாவுக்குக் காளானே ஆகாது மச்சான், ஒடம்பெல்லாம் தடிச்சுப் போகும்,” என்றான். அவள் இல்லாவிட்டாலும் அவளுக்கு ஆகாததைச் சமைக்க அவனுக்கு மனசு வரவில்லை. பை அப்படியே அழுகியது.

ஒரு வழியாக மெஷின் பதுளைக்கு வந்து சேர்ந்தது. எஞ்சின் ஒரு நாடு, உடம்பு ஒரு நாடு, மண் அள்ளுகிற வாளி ஒரு நாடு என்று ஏழு நாட்டுச் சாமான். ஏழு பெயரையும் முதல் எது, கடைசி எது என்று தெரியாதபடி வட்டமாக எழுதியிருந்தார்கள். கையளிப்பு விழா நடக்காமல் அதைத் தொடக் கூடாது என்று படங்கு போட்டு மூடி, காவலுக்கு ஆளும் வைத்தார்கள். நான் பதுளைக்கு ஹயர் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு வருவேன். ஜெயகுமார் கேட்பான்: “நல்லாருக்கா?” ஏதோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற சொந்தக்காரனை விசாரிக்கிற மாதிரி.

“நல்லாத்தான் இருக்கு.”

“வெயில்ல கெடக்கா?”

“இல்ல, மூடி வச்சிருக்காங்க.”

விழாவுக்கு வட்ட மேசைதான் வேண்டும் என்றார்கள், அதில் தலைமாடு கால்மாடு கிடையாதல்லவா. கொழுந்து லொறியில் ஏற்றி வட்ட மேசை வந்தது. ஆனால் எங்கள் தோட்டத்தில் எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மேட்டுப் பக்கம் உட்காருகிற நாடு பள்ளத்து நாட்டைக் குனிந்து பார்க்கும். பழைய உலக ஒழுங்கும் அப்படித்தானே இருந்தது என்று விழாப் பொறுப்பாளர் மனம் நொந்தார். பள்ளத்துப் பக்கம் மேசைக் காலுக்குக் கல் வைத்துப் பார்த்தார்கள், மேசை சமமானது, நாற்காலி சமமாகவில்லை. மலையைச் சுற்றிச் சுற்றித் தேடிக் கடைசியில் ஒரே ஒரு சமதரையைக் கண்டுபிடித்தார்கள்.

லயம் இருந்த இடம்தான். மலை இறங்கி வந்து பரவிப் படுத்திருந்ததால் அது மட்டும் சமமாக இருந்தது.

மேசையை அங்கே தூக்கிப்போக எங்களைத்தான் கூப்பிட்டார்கள். நாடாவைத் தாண்ட எங்களுக்கு முதல் முதலாக அனுமதி கிடைத்தது அன்றைக்குத்தான். ஜெயகுமார் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு வந்தவன், வைப்பதற்கு முன்னால் நின்றுவிட்டான்.

“ஐயா, இதுக்குக் கீழதானுங்க அவ இருக்கா.”

“முப்பத்தொரு அடிக்குக் கீழதானே தம்பி,” என்றார் பத்மநாதன் ஐயா, அன்பாகத்தான் சொன்னார். “மேசையின்ர பாரம் அவவுக்குத் தெரியாது.”

ஜெயகுமார் மேசையைச் சத்தமில்லாமல், தூங்குகிறவர்கள் பக்கத்தில் வைக்கிற மாதிரி மெதுவாக வைத்தான்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் ஒரு பிழை விட்டார்கள். மெஷின் வருகிற நாளில் தோண்டுவார்கள், தோண்டினால் கலாராணி கிடைப்பாள், கிடைத்தால் அன்றைக்கே சாவு வீடு. யாருமே வேறு மாதிரி நினைக்கவில்லை. எங்களுக்கு அது அவ்வளவு லேசான கணக்கு. சவப்பெட்டியை நான் பண்டாரவளையிலிருந்து ஆட்டோக் கூரையில் கட்டிக்கொண்டு வந்தேன். சுடலையில் குழி வெட்டி வைத்தோம். தோட்டத்துக்கு ரோடு வளைகிற முடக்கிலிருந்து லயம் வரைக்கும் ரோட்டின் ரெண்டு பக்கமும் வெள்ளைக்கொடி கட்டினோம். எங்கள் நாட்டில் வெள்ளைக்கொடி என்றால் சாவு, அதைப் பார்த்தால் பஸ்காரன்கூடப் பாட்டை நிறுத்திவிட்டுப் போவான்.

அந்த நேரத்தில் மன்றத்தில் கொடிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஏழு கொடியையும் எந்த வரிசையில் கட்டுவது? அகர வரிசை என்றால் எந்த மொழியின் அகரம்? முந்தின நாள் வரைக்கும் முடியவில்லை. ஏற்பாட்டைப் பார்க்க வந்த விழாப் பொறுப்பாளர், முடக்கில் என் ஆட்டோவை விட்டு இறங்கியதும் வெள்ளைக்கொடிகளைக் கண்டார். அப்படியே மலைத்துப்போனார். எந்த நாட்டின் நிறமும் இல்லை, எந்தக் கொடியும் உயர்த்தி இல்லை, ஏழைத் தொழிலாளர்கள் தாங்களாகவே கட்டிய சமாதானக் கொடி! அங்கேயே நின்று ஏழு நாட்டுக்கும் ஃபோனில் படம் அனுப்பினார். ஏழு நாடும் சம்மதித்தன.

நான் பத்மநாதன் ஐயாவை ஓரமாகக் கூப்பிட்டேன். “ஐயா, இது சாவுக்குக் கட்டினதுங்க.”

“எனக்குத் தெரியாதே தம்பி? நானும் இந்த நாட்டில பிறந்தவன்தானே.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனால் இந்த மூண்டு மாசத்தில ஏழு நாடும் வாக்குவாதப்படாமல் ஒத்துக்கொண்ட ஒரே விசயம் இதுதான். குழப்பிப் போடாதையும்.”

விழா அன்று காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், கணக்கப்பிள்ளை சொன்னார்: “இன்னைக்கு யாரும் மலைக்குப் போக வேணாம். கூட்டத்துக்குப் போயிக் கை தட்டுறவங்களுக்கு முழுப் பேரு விழும்.” ஒரு நாள் வேலைக்கு ஒரு பேரு என்பது தோட்டத்துக் கணக்கு. சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேருதான் போடுவார்கள். கை தட்டலுக்கு நிறை கிடையாது என்பதால் எல்லோருக்கும் முழுசாகவே கிடைத்தது.

வண்டிகள் முடக்கில் திரும்பியதும் தப்படிக்கிற சிவஞானம் அண்ணன் தப்பை நெருப்பில் காய்ச்சி எடுத்து அடிக்கத் தொடங்கினார். திருவிழா அடியா அது? சாவு அடி. கருப்பம்மா அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி எடுத்தாள், மற்றப் பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து அழுதார்கள். மூன்று மாதம் அடக்கி வைத்த அழுகை.

பிரதிநிதிகள் வண்டியை விட்டு இறங்கினார்கள். முகமெல்லாம் சிரிப்பு. ஒருவர் கோட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு ஆடத் தொடங்கினார். ஆடினால் சேர்ந்துதானே ஆட வேண்டும், மற்ற ஆறு பேரும் இறங்கினார்கள். பெரிய நாடும் சின்ன நாடும் ஒரே தாளத்துக்கு ஆடின. அவர்களில் ஒரு அம்மா கருப்பம்மா அக்காவின் ரெண்டு கையையும் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். அக்கா ஒப்பாரியை நிறுத்தத் தெரியாமல், அழுதுகொண்டே அவரோடு ஆடினாள். வாய்க்கரிசிக்கு வைத்திருந்த அரிசித் தட்டு வரவேற்புத் தட்டாகிவிட்டது. ஒருவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டார், ஒருவர் வாயில் போட்டு மென்றார். சிவஞானம் அண்ணன் என்னைப் பார்த்தார், நிறுத்தவா என்று கண்ணால் கேட்டார். இடையில் நிறுத்தினால் செத்தவளுக்கு ஆகாது. அடியுங்கள் என்றேன்.

மேசையைச் சுற்றி எல்லோரும் சமமாக உட்கார்ந்தார்கள். பெயர்ப்பலகையைத் திறந்தார்கள். ஏழு மொழிகளில் இருந்தது, தமிழுக்கு இடம் போதவில்லை. பிறகு தலைமைப் பிரதிநிதி பேசினார். தலைமை என்று யாரும் இல்லை, சீட்டுக் குலுக்கி எடுத்தது. நிவேதிகா தமிழில் சொன்னாள்.

“இதுவரை உலகத்தின் மையம் எங்கோ தொலைவில் இருந்தது. இன்று உலகத்தின் மையம் இந்த மேசை. உங்கள் துயரத்தை நாங்கள் மேலிருந்து பார்க்கவில்லை. எங்கள் நாடுகளிலும் மலைகள் சரிகின்றன. அங்கேயும் ஏழைகள் புதைகிறார்கள். அங்கேயும் நாங்கள் தோண்டுவதில்லை. ஆகவே உங்களையும் எங்கள் மக்களையும் நாங்கள் ஒரே மாதிரியே நடத்துகிறோம் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

கணக்கப்பிள்ளை கையைக் காட்டினார். தட்டினோம்.

பயனாளி பேச வேண்டும் என்று ஜெயகுமாரின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவன் மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, மேசைக்குக் கீழே தரையைப் பார்த்தே பேசினான்.

“எம் பொஞ்சாதி இந்த மேசைக்குக் கீழ இருக்காங்க. அவள எடுத்துக் குடுத்தீங்கன்னா நானே கொண்டுபோயிப் பொதச்சுக்கிறேன். வேற ஒண்ணும் வேணாங்க.”

நிவேதிகா ஒரு சொல்லையும் மாற்றாமல் இங்கிலீசில் சொன்னாள். திரும்பவும் ஒரு தடவை சொன்னாள். மேசையில் இருந்தவர்கள் ஜெயகுமாரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ, விளங்கிவிட்டது போல என்று நினைத்தேன். சீட்டுக் குலுக்கலில் வந்தவர் எழும்பினார்.

“கேட்டீர்களா? அவர் தானம் கேட்கவில்லை. மீதியைத் தானே செய்துகொள்வதாகச் சொல்கிறார். இந்தத் தன்னம்பிக்கைதான் புதிய உலகம்!”

எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். நிவேதிகா அதை எங்களுக்குச் சொல்லவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றாள். அவர் சொன்னதைப் பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

மெஷின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. யார் முதல் மண்ணை அள்ளுவது? ஏழு பேரும் ஒரே லீவரில் கை வைத்தார்கள். ஒருவர் இழுக்க, ஒருவர் தள்ள, வாளி அந்தரத்தில் நின்று ஆடியது. ஃபோட்டோ எடுத்து முடிந்ததும் ஒப்பரேட்டர் அவர்கள் கைக்குக் கீழே தன் கையை விட்டு, அவரே ஒரு வாளி மண்ணை அள்ளி ஓரமாகப் போட்டார். கை தட்டினோம். ஜெயகுமார் வாளி போட்ட பள்ளத்தின் ஓரத்துக்கு ஓடிவிட்டான்.

“தகரம்! ஐயா, லயத்துக் கூரைத் தகரம் தெரியுதுங்க!”

முழங்கால் ஆழத்தில் தகரத்தின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. பிரதிநிதிகளுக்கும் சந்தோசம், எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு எல்ல என்கிற ஊரில் பகல் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியில் ஏறினார்கள். மெஷினையும் பெரிய லொறியில் ஏற்றத் தொடங்கினார்கள்.

நான் ஓடிப்போய்ப் பத்மநாதன் ஐயாவின் முன்னால் நின்றேன். “மெஷின எங்க கொண்டு போறீங்க? எங்களுக்குத்தானே குடுத்தீங்க?”

“உங்களுக்குக் கையளிச்சாச்சு தம்பி. இனி மொனராகலைக்குக் கையளிக்கவேணும். அங்கயும் சனம் காத்துக்கொண்டு இருக்கு.”

“அப்ப தோண்டுறது?”

“தோண்டல் இரண்டாம் கட்டம்,” என்றார். அப்போதும் அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனுசரைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டிருப்பேன். போடவில்லை. திரும்பிப் பார்த்தேன், ஜெயகுமார் பள்ளத்துக்குள் இறங்கிக் கையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் அவனை நோக்கி வந்தார். நாங்களும் வந்தோம். அவர் எங்களைப் பார்த்தார், கொடிகளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மஞ்சள் நாடாவை அவிழ்த்துச் சுருட்டினார். அதற்கு மேல் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மேசையைப் புரட்டித் தள்ளினோம். மம்பட்டிகள் வந்தன. ஆம்பிளைகள் வெட்ட, பெண்கள் கொழுந்துக் கூடையில் மண்ணை அள்ளி, கயிற்றை நெற்றியில் மாட்டித் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார்கள். பிள்ளைக்காம்பரா வாசலிலிருந்து தண்ணீர் கைமாறிக் கைமாறி வந்தது. அன்றைக்கு நாங்கள் கை தட்டியதற்குப் பேரு விழுந்தது. தோண்டியதற்கு விழவில்லை.

தகரத்தை ஒட்டிப் போனோம். சுவர் வந்தது. சுவரை ஒட்டிப் போனோம். வெயில் இறங்குவதற்குள் ஜெயகுமார் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தான். மஞ்சள் நைட்டியின் ஓரம். தீபாவளிக்கு அவன் வாங்கிக் கொடுத்தது.

“மெதுவா, மெதுவா,” என்று கருப்பம்மா அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டார்கள். என் தங்கச்சியை, அவள் இருந்த கோலத்தை, நான் எழுத மாட்டேன். சேலையில் ஏந்தி நாலு பேர் மேலே தூக்கினோம். பாரமே இல்லை.

எல்லோரும் அவளோடு மேலே போய்விட்டார்கள். ஜெயகுமார் மட்டும் ஏறவில்லை. குழிக்குள் நிமிர்ந்து நின்றான். குழியின் விளிம்பு அவன் நெஞ்சுக்கு வந்தது. ரெண்டு முழங்கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

“மச்சான்.”

“சொல்லு மச்சான்.”

“மெஷினு இல்லாம முடியாதுன்னுதானே சொன்னாங்க?”

“ஆமா.”

“முப்பத்தொரு அடின்னாங்களே.”

நான் குழி ஓரத்தில் குந்தினேன்.

“இந்தா பாரு, நெஞ்சு மட்டுந்தான இருக்கு.” உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அளந்து காட்டினான். “ரெண்டு நாள் வேல மச்சான். நானே எடுத்திருப்பேனே. அப்பவே எடுத்திருந்தா அவ மொகத்தயாவது பாத்திருப்பேனே.”

ஆமாங்க என்பதைத் தவிர வேறு ஒன்றையும் யாரிடமும் சொல்லத் தெரியாதவன், தலையைத் தரையில் முட்டிக்கொண்டு பெரிய குரலெடுத்து அழுதான். நானும் அழுதேன். அழுது முடியட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டான். அவனைத் தூக்கி வெளியே எடுக்க என் ஒரு கையே போதுமாக இருந்தது.